சோறு குறைந்தது, எண்ணெய் குறைந்ததா?

டயட் என்று ஆரம்பித்தவுடன் நம் வீடுகளில் முதல் பழி சோற்றின் மேல்தான் விழும். மதியச் சோறு பாதியாகிறது, ராத்திரிக்குச் சப்பாத்தி வருகிறது, வாரத்தில் இரண்டு நாள் தினையும் சாமையும் எட்டிப் பார்க்கின்றன. இரண்டு மாதம் கழித்தும் எடை இறங்கவில்லை என்றால் "நம்ம உடம்பு வாகு அப்படி", "தைராய்டா இருக்குமோ" என்று பேச்சு திரும்பும். தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. அதற்கு முன்னால், அந்த வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

நாலு பேர் இருக்கிற வீடு. சமையல் எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 42 மில்லி வருகிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால் 38 கிராம்தான். கிராமுக்கு 9 கலோரி வீதம் கிட்டத்தட்ட 345 கலோரி. இதில் நெய் சேரவில்லை, வெளியே தின்ற வடை பஜ்ஜியும் சேரவில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கே எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்றுதான் சொல்கிறது. 1400 கலோரியில் நிற்கப் பார்ப்பவருக்கு 18 கிராம், அதாவது நாலு டீஸ்பூன், தாராளம். 42 மில்லியை 20 மில்லிக்குக் கொண்டுவந்தால் தினமும் 180 கலோரி மிச்சம். அது 50 கிராம் அரிசிக்குச் சமம். தட்டில் சோற்றைத் தொடாமலேயே இவ்வளவும் குறைந்துவிடுகிறது.

(கலோரி என்று நான் எழுதுவதெல்லாம் பாக்கெட்டில் கிலோ கலோரி என்று அச்சிடுகிறார்களே, அதேதான்.)

முதலில் எவ்வளவு சாப்பிடலாம் என்று தெரிய வேண்டும். மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது, 1990இல் வந்தது. எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆணாக இருந்தால் 5 கூட்ட வேண்டும், பெண்ணாக இருந்தால் 161 கழிக்க வேண்டும். 40 வயது, 155 செ.மீ., 68 கிலோ உள்ள பெண்ணுக்கு 680 + 969 − 200 − 161 = 1288. சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிப்பது இது. பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை என்றால் 1.2ஆல் பெருக்க வேண்டும், 1545 வரும். வீட்டு வேலையோடு தினமும் நடைப்பயிற்சியும் உண்டு என்றால் 1.375, அப்போது 1770. இரண்டாவது வகைப் பெண் 1400 சாப்பிட்டால் நாளைக்கு 370 குறைகிறது, மாதத்துக்கு 11,000. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 என்று வைத்தால், ஒன்று முதல் ஒன்றரை கிலோ இறங்கும். "மாதம் எட்டு கிலோ" என்று விளம்பரம் செய்கிறவர்கள் தண்ணீரையும் தசையையும் சேர்த்து எடை போடுகிறார்கள்.

எல்லோரும் செய்கிற தப்பு, நடக்காமலேயே 1.375ஐப் போட்டுக்கொள்வது. சந்தேகமிருந்தால் சின்ன எண்ணையே எடுங்கள். டாக்டர் பார்வை இல்லாமல் 1200க்குக் கீழே போகவே வேண்டாம்.

எண்ணெயை அளப்பது எப்படி

ஸ்பூனால் அளக்கிறேன் என்று தொடங்கினால் மூன்றாம் நாளே அலுத்துப்போகும். அடுப்பில் கடுகு வெடிக்கும்போது யாருக்கும் ஸ்பூன் தேடப் பொறுமை இருக்காது. அதைவிட வாரக் கணக்கு சுலபம். ஆளுக்கு 20 மில்லி, நாலு பேருக்கு 80, வாரத்துக்கு 560 மில்லி. ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் ஒரு பாட்டிலில் ஊற்றி அடுப்புப் பக்கத்தில் வையுங்கள். தூக்கையும் டின்னையும் பரணில் ஏற்றிவிடுங்கள். வியாழக்கிழமையே பாட்டில் காலி என்றால் எந்தப் பதார்த்தம் குடித்தது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். வளர்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். சமையலைக் குறைந்த எண்ணெயில் செய்துவிட்டு, அவர்கள் தட்டில் மட்டும் ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். எல்லோருக்கும் சேர்த்து ஊற்றிவிட்டால் ஒருவர் பங்கிலிருந்து மட்டும் எடுக்க வழியில்லை.

தோசையில்தான் எண்ணெய் அதிகம் ஒளிந்திருக்கிறது. நடுத்தரமான ஒரு தோசைக்கு மாவு 70 கிராம் பிடிக்கும், அது சுமார் 100 கலோரி. சுற்றி விடுகிற எண்ணெய் ஒரு டீஸ்பூன் என்றால் 40, கரண்டியால் தாராளமாக விட்டால் 80. ஆசைக்காக ஊற்றுகிறவர்கள் குறைவு. தோசை ஒட்டுகிறதே என்றுதான் ஊற்றுகிறோம். ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் கல்தான். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருப்பார்கள், அல்லது அதே கல்லில் சப்பாத்தி சுட்டிருப்பார்கள், அல்லது கல் காயாமலேயே மாவை விட்டிருப்பார்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணித்து, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, இரண்டு சொட்டு எண்ணெயில் தொட்டுத் துடைத்துவிட்டு மாவை ஊற்றுங்கள். மூடி போட்டால் மேல்பக்கம் ஆவியிலேயே வெந்துவிடும், திருப்பிப் போடத் தேவையில்லை. ஓரம் தானாகக் கிளம்பும்வரை தோசைத் திருப்பியை நுழைக்காதீர்கள். இப்படிச் சுட்டால் அரை டீஸ்பூன் போதும். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், அதை மறைப்பதற்கில்லை.

மிளகாய்ப் பொடிக்குக் குழி பறித்து ஊற்றுகிற நல்லெண்ணெயையும் கணக்கில் சேருங்கள். இரண்டு டீஸ்பூன் 80 கலோரி. மூன்று இட்லி சாப்பிட்டால் மாவிலிருந்து 195 வருகிறது, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பொடியின் எண்ணெய் மட்டும் தருகிறது. கெட்டித் தயிரில் பொடியைக் குழைத்துப் பாருங்கள்.

புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய் இவற்றில் "எண்ணெய் பிரிந்து வரும்வரை கொதிக்க விடவும்" என்பதே பக்குவம். நாலு பேர் குழம்புக்கு நாலு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் 480 கலோரி, ஆளுக்கு 120. குழம்பை இறக்கிக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் எண்ணெய் மேலே நிற்கும். குழிக்கரண்டியால் அதில் பாதியை வழித்து எடுத்து, மறுநாள் பொரியல் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், வாசனையும் நன்றாக இருக்கும். கத்திரிக்காய் எண்ணெயைக் குடிக்கும் என்பது உண்மைதான், அதன் சதை பஞ்சு போன்றது. இட்லித் தட்டில் ஐந்து நிமிஷம் வேகவைத்துவிட்டு வதக்கினால் அந்தப் பஞ்சு அடங்கிவிடும். வெண்டைக்காயில் கொழகொழப்புக்காக எண்ணெய் ஏறுகிறது. கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, அப்புறம் நறுக்கி, மூடாமல் வதக்கி, கடைசியில் உப்புப் போட்டு ஒரு ஸ்பூன் தயிர் விட்டால் ஒரு டீஸ்பூன் எண்ணெயிலேயே உதிரியாக வரும்.

பொரியலை "காய்தானே" என்று கணக்கில் விட்டுவிடுகிறோம். கால் கிலோ பீன்ஸில் இருப்பது 75, 80 கலோரி. அதற்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் 80, இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல் 55. மொத்தம் 215இல் காயின் பங்கு மூன்றில் ஒன்றுதான். தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, கடைசியில் ஒரு டீஸ்பூனில் தாளித்துக் கொட்டினால் ஆளுக்கு இரண்டு மடங்கு பொரியல் வைத்தாலும் கட்டுப்படியாகும். உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் இவை பெயரளவில்தான் காய். இவற்றைச் சோற்றுக் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

தேங்காயில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி. ஒரு மூடியில் 150 கிராம் தேறும். அந்த மூடியைச் சட்னியாக அரைத்து நாலு பேர் முடித்தால் ஆளுக்கு 130க்குக் குறையாது. சட்னியை விட்டுவிடச் சொல்லவில்லை. பீர்க்கங்காய்த் துவையல், புதினா, கொத்தமல்லி, தக்காளி என்று மாற்றி மாற்றி அரைத்துத் தேங்காயை வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பீர்க்கங்காய், இரண்டு டீஸ்பூன் உளுந்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய், இரண்டு மிளகாய், கொஞ்சம் புளி. மொத்தத் துவையலும் 120 கலோரியைத் தாண்டாது.

அரிசி, சப்பாத்தி, சிறுதானியம்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பச்சரிசி, புழுங்கலரிசி, சிவப்பரிசி, கோதுமை, தினை, சாமை, வரகு, கம்பு, கேழ்வரகு எல்லாமே 100 கிராமுக்கு 320 முதல் 360 கலோரிக்குள்தான் அடங்கும். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், மென்று தின்ன நேரமாகும், சர்க்கரை கொஞ்சம் நிதானமாக ஏறும். அவை நல்ல காரணங்கள்தான். ஆனால் 100 கிராம் அரிசியை எடுத்துவிட்டு 100 கிராம் தினையைப் போட்டு, அதிலே நெய் மிதக்கப் பொங்கல் வைத்தால் எடை இறங்காது. ராத்திரிச் சப்பாத்தியும் அப்படித்தான். 30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி 100 கலோரி, தேய்க்கிற எண்ணெய் 40. மூன்று சப்பாத்தி 420, தேங்காய் அரைத்த குருமா தனி. அதே ராத்திரி 60 கிராம் அரிசிச் சோறும் ரசமும் பொரியலும் சாப்பிட்டிருந்தால் 330இல் முடிந்திருக்கும். அமாவாசை, சனிக்கிழமை என்று ஒருபொழுது இருந்து ராத்திரி "பலகாரம் மட்டும்" எடுத்துக்கொள்வதும் இதே கதைதான். நாலு தோசையும் தேங்காய்ச் சட்னியும் 700ஐத் தொடும். விரதத்துக்கு அது சரி, கலோரிக் கணக்குக்கு உதவாது.

சோற்றை வெந்த பிறகு நிறுக்காதீர்கள். வடித்த சோறு, குக்கர் சோறு, குழைந்த சோறு மூன்றிலும் தண்ணீர் வேறு வேறு, அதனால் ஒரே எடைக்கு மூன்று கணக்கு வரும். அரிசியாக அளப்பதே நல்லது. ரைஸ் குக்கரோடு வருகிற 180 மில்லி கப்பில் தலைதட்டி 150 கிராம் பிடிக்கும், 525 கலோரி. 60 கிராம் அரிசி ஏறத்தாழ 170 கிராம் சோறாகும். ஒரே ஒரு தடவை அந்த அளவை உங்கள் தட்டில் பரப்பிப் பார்த்துவைத்துக்கொண்டால் பிறகு கண்ணே சொல்லிவிடும்.

நம் சாப்பாட்டு முறையே சோற்றைக் கூட்டுவதுதான். குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம்தானே" என்று போட்டுக்கொண்டால் மூன்று கொஞ்சம் சேர்ந்து கால் கிலோ தாண்டும். மொத்தச் சோற்றையும் முதலிலேயே தட்டில் போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், குழம்புக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. ரசத்தை டம்ளரில் குடியுங்கள்.

தண்ணீர் சேர்ந்த உணவு வயிற்றை நிரப்பும். 40 கிராம் கம்பு மாவில் கூழ் காய்ச்சி, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துச் சாப்பிட்டால் 175 கலோரியில் பெரிய சொம்பு நிறையக் கிடைக்கும். பழைய சோறும் அப்படியே. தொட்டுக்கொள்ள மோர்மிளகாயை எண்ணெயில் பொரித்தால் மட்டும் கவனம்.

சாம்பாரில் பருப்பு எவ்வளவு?

குறைத்துச் சாப்பிடும்போது புரதம் போதாமல் போனால் கொழுப்போடு தசையும் கரையும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுவதற்கும் அவசரமாக எடை இறக்கியதும் புரதக் குறைவும் சேர்ந்தே காரணமாகும். சைவ வீடுகளில் "தினமும் சாம்பார் வைக்கிறோமே" என்பார்கள். ஒரு சாம்பாரை நிறுத்துப் பார்ப்போம். துவரம்பருப்பு 100 கிராம் (335 கலோரி), காய் 250 கிராம் (75), எண்ணெய் இரண்டு டீஸ்பூன் (80), பொடி, புளி எல்லாம் 30. மொத்தம் 520. கொதித்து இறக்கிய சாம்பாரின் எடை 1400 கிராம் என்றால் 120 கிராம் பிடிக்கிற ஒரு குழிக்கரண்டியில் 45 கலோரி, புரதம் 2 கிராம்தான். 68 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 55, 60 கிராம் புரதம் வேண்டும். சாம்பாரை நம்பினால் அண்டாவைக் காலி பண்ண வேண்டியதுதான்.

இந்த நிறுக்கும் முறை எல்லாக் குழம்புக்கும் பொருந்தும். பாத்திரத்தின் வெறும் எடையை முன்கூட்டியே நிறுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள், சமைத்த பிறகு பாத்திரத்தோடு நிறுத்துக் கழித்துவிடலாம். ஒரு கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். எண்ணெய்க்கு, பாட்டிலை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தால் ஸ்பூனே வேண்டாம்.

புரதத்துக்கு முட்டை ஒன்று 75 கலோரி, 6 கிராம். கறுப்புக் கொண்டைக்கடலை 40 கிராம் ஊறவைத்துச் சுண்டல் செய்தால் சுமார் 140 கலோரி, 8 கிராம். பச்சைப்பயறு 30 கிராம் 105 கலோரி, 7 கிராம். சோயா உருண்டை 20 கிராம் 70 கலோரி, 10 கிராம். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும். மீனைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள். வறுத்தால் மாவுப் பூச்சு எண்ணெயைக் குடித்துக்கொண்டு மீனின் கலோரியை ஒன்றரை மடங்காக்கும்.

மேலே சொன்ன பெண்ணுக்கு ஒரு நாள் இப்படி அமையலாம். காலையில் ஒரு காபி, 80. இட்லி இரண்டு, சாம்பார் இரண்டு கரண்டி, அவித்த முட்டை ஒன்று, 295. மதியம் 60 கிராம் அரிசிச் சோறு, ஒரு கரண்டி சாம்பார், ரசம், 200 கிராம் பொரியல், 100 கிராம் தயிர், கொண்டைக்கடலைச் சுண்டல், 575. சாயங்காலம் சர்க்கரை இல்லாத காபியும் ஒரு கொய்யாவும் 110. ராத்திரி எண்ணெய் தொடாத சப்பாத்தி இரண்டு, அரை டீஸ்பூனில் தாளித்த பயறு, 325. கூட்டினால் 1385, புரதம் 54 கிராம். சுண்டலுக்குப் பதிலாகச் சோயா வைத்தால் புரதம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

காபியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. 100 மில்லிக்கு முறையே 58, 72, 87 கலோரி. ஆரஞ்சுப் பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று ஒரு டம்ளர் 127. நாளைக்கு மூன்று என்றால் 380. இதைக் குறைக்காமல் சோற்றில் கை வைப்பது அநியாயம். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்குத் தம்பிகள்தான், ஸ்பூனுக்கு 20 என்பதில் பெரிய மாற்றமில்லை. கூடவே வருகிற மேரி பிஸ்கட் ஒன்று 25 கலோரி, யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை.

நடைப்பயிற்சி போய்விட்டு வந்து ஒரு மெதுவடை என்பது ஊர் வழக்கம். 68 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் 120 கலோரி செலவாகும், வடை ஒன்று 150. நடப்பது சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது. வடைக்கு அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு கணக்கில் வராத சாப்பாடு, குழந்தை தட்டில் மிச்சம் வைத்த அரை தோசையும், உப்புப் பார்க்கிறேன் என்று வாயில் போடுகிற நாலு கவளமும். வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். முதலிலேயே குறைவாக வைத்துவிட்டு, கேட்டால் மறுபடி போடுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் அளவைக் குறைத்து எழுதி வாங்க வேண்டும். பழைய டோஸோடு புதிய சாப்பாடு சேர்ந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்துப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். அங்கே கலோரி பார்க்கக் கூடாது. பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை இறங்க இறங்க எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

எடையைத் தினமும் பார்க்கலாம், ஆனால் வாரச் சராசரியை மட்டும் நம்புங்கள். முந்தின நாள் கல்யாணச் சாப்பாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்பு ஏறியிருந்தால் மறுநாள் காலை ஒரு கிலோ கூடக் காட்டும். அது தண்ணீர், இரண்டு நாளில் போய்விடும். மாதவிலக்குக்கு முந்தின வாரமும் அப்படித்தான். முதல் வாரம் இறங்குகிற இரண்டு கிலோவிலும் பெரும்பங்கு தண்ணீரே, அதைப் பார்த்து ஆடவும் வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் கீரையும் போதவில்லை என்று பொருள்.

மூன்று நாலு மாதம் நன்றாக இறங்கி, பிறகு நின்றுவிட்டால் சூத்திரத்தை மறுபடி போடுங்கள். 68 கிலோ 62 ஆனபோது அந்தப் பெண்ணின் 1288, 1228 ஆகிவிட்டது. 1770 என்ற செலவு 1690க்கு வந்துவிட்டது. 1400 சாப்பிட்டாலும் 370 குறைந்தது போய் 290தான் குறையும். இன்னும் 80ஐக் குறைக்க ஆசைப்பட்டால் ஒரு காபி போதும். பசி ஏற்கெனவே படுத்துகிறது என்றால் குறைக்காதீர்கள். இரண்டு வாரம் 1650 சாப்பிட்டு எடையை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு மறுபடி 1400க்கு வாருங்கள். அந்த இரண்டு வாரத்திலும் எண்ணெய் பாட்டில் மட்டும் 560 மில்லியைத் தாண்ட வேண்டாம்.